சுகம் விசாரிக்கப் போனவன்

நான் வேலை பார்த்த மட்டக்களப்புக் காப்புறுதிக் கிளையில் என்னைப் பற்றி இன்றும் ஒரு கதை உலவுகிறதாம். நட்டஈடு கேட்டு விண்ணப்பித்தவரிடம் நான் விசாரணை என்று எதுவும் செய்யமாட்டேனாம். அவர் வீட்டுக்குப் போய், கொடுத்த இளநியைக் குடித்து, குடும்பக் கதை கதைத்துவிட்டுத் திரும்புவேனாம். திரும்பும்போது, அந்த நட்டஈட்டை ஏன் கொடுக்கக்கூடாது என்பதற்கான காரணத்தை அவர் வாயாலேயே சொல்லவைத்து எடுத்துக்கொண்டு வந்திருப்பேனாம். கிளையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் அண்மையில் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார்கள். இப்போது எல்லாம் கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது, நேரில் போய்ப் பார்க்கிற வேலை குறைந்துவிட்டது, அந்த வித்தையைக் கிளையின் மலருக்கு ஒரு கட்டுரையாக எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள்.

எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். இதைப் போடுவார்களோ தெரியாது. அவர்கள் பெருமைக்குக் கேட்டார்கள். பெருமையாக எழுத எனக்கு இப்போது முகம் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த கதையை நீட்டத் தேவையில்லை. உயர்தரப் பரீட்சை எடுத்துவிட்டு அரசாங்க உத்தியோகத்துக்குக் காத்திருந்து அலுத்துப்போன நேரம், இங்கே எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். கொழும்பில் கொஞ்ச நாள் பயிற்சி. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் சொன்னதில் பாதி விளங்கியது, மீதியைத் தலையாட்டிச் சமாளித்தேன். அது பிரச்சினைக் காலம். காப்புறுதி என்று போய் நின்றால் சனம் சிரிக்கும். "எங்கட உசிருக்கே ஆரும் பொறுப்பில்ல, நீங்க எங்கட வீட்டுக்குப் பொறுப்பு நிக்கப் போறீங்களா?" என்று கேட்பார்கள். பிறகு சண்டை ஓய்ந்து, வீடுகள் எழும்பி, வாகனங்கள் பெருகி, சனம் எங்களை நம்பத் தொடங்கியபோது நான் நட்டஈட்டுப் பிரிவுக்கு வந்திருந்தேன்.

அந்தப் பிரிவில் எனக்குத் தொழில் பழக்கியவர் எங்கள் முகாமையாளர் ஐசக் சேர். குரல் உயர்த்தமாட்டார். சட்டைக் கையை மடிக்கமாட்டார். ஒரு நட்டஈட்டை மறுக்கவேண்டி வந்தால் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்க அவருக்குப் பிடிக்காது. ஆளை அழைப்பித்து, தன் அறையில் இருத்தி, தேத்தண்ணி வரவழைத்து, அது குடித்து முடியும்வரை மழை, வேளாண்மை, பிள்ளைகளின் படிப்பு என்று கதைப்பார். கோப்பையை வைத்த பிறகுதான் கடிதத்தைத் தானே வாசித்துக் காட்டுவார். காசு கிடைக்கப்போகிறவருக்குத் தேத்தண்ணி கிடையாது, அவரை நேரே காசாளரிடம் அனுப்பிவிடுவார். இது நாளடைவில் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. தேத்தண்ணித் தட்டு அறைக்குள் போனால் வெளியே வாங்குப் பலகையில் காத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

எனக்கு அவர் சொல்லித் தந்த முதல் பாடம் இது: "தம்பி, விசாரணைக்குப் போறன் எண்டு போகாதீங்க. சுகம் விசாரிக்கப் போங்க. கேள்வி கேட்டா மனிசன் யோசிச்சித்துப் பதில் சொல்லுவான். சுகம் கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லுவான்."

சொன்னபடி செய்தேன். அது நன்றாகவே வேலை செய்தது. ஓர் ஆட்டோ மதிலில் மோதியிருக்கும். 'ஃபுல் இன்சூரன்ஸ்' போட்டிருக்கு, கீறல் பட்டாலும் காசு வரும் என்று உரிமையாளர் நம்பிக்கையாக இருப்பார். நான் ஆட்டோவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல ஓட்டமா தம்பி? பள்ளிக்கூடப் புள்ளையளும் ஏத்துறீங்களா?" என்று கேட்பேன். அவர் சந்தோசமாக "ஓம் சேர், காலையில ரெண்டு தரம்" என்பார். ஆனால் காப்புறுதிப் பத்திரத்தில் சொந்தப் பாவனைக்கு என்று இருக்கும், வாடகைக்கு ஓடியது என்று நான் எழுதிக்கொள்வேன். இறந்துபோனவர் வீட்டில், "சீனி வருத்தத்துக்கு எந்த ஆசுப்பத்திரியில மருந்து எடுத்தவர்?" என்று மனைவியிடம் இரக்கமாகக் கேட்பேன். அவர் வருடக் கணக்கைச் சொல்லி அழுவார். விண்ணப்பத்தில் அந்த நோய் இல்லை என்று முகவரே நிரப்பியிருப்பார், இறந்தவர் வாசிக்காமல் கையெழுத்து மட்டும் போட்டிருப்பார். கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. நான் பொய் எழுதியதில்லை, லஞ்சம் தொட்டதில்லை. அதனால் நான் ஒரு நேர்மையான மனிதன் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக் காப்புறுதிக்கு எங்கள் பகுதிக்கென்றே ஒரு கேள்வி இருந்தது. அதையும் ஐசக் சேர்தான் கண்டுபிடித்தார். "மகள் கலியாணம் முடிச்சித்தாவா?" என்பதே அந்தக் கேள்வி.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தகப்பன் உழைத்துக் கட்டுவார், மகளுக்குக் கலியாணம் பேசினால் வீட்டு உறுதிப் பத்திரத்தை அவள் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் வளவின் பின்பக்கம் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். மருமகன் வந்து முன்வீட்டில் இருப்பார். இதை யாரும் வீடு கைமாறியது என்று நினைப்பதில்லை. தகப்பன் அதே வளவில் இருக்கிறார், அதே கூரையில் ஓடு மாற்றுகிறார், அதே வீட்டுக்குக் காப்புறுதிக் கட்டுப்பணத்தையும் தன் பேரில் கட்டிக்கொண்டே வருகிறார். ஆனால் காப்புறுதிச் சட்டத்துக்கு அவர் இப்போது அந்த வீட்டுக்கு அந்நியர். வீடு அழிந்தால் நட்டப்படுகிறவர் மகள். மகள் பேரில் காப்புறுதி இல்லை. தகப்பனுக்குக் காப்புறுதி இருக்கிறது, ஆனால் வீடு இல்லை. உறுதியில் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை வீட்டை அனுபவிக்கிற உரிமையை, தனக்கென்று வைத்திருந்தாலாவது வாதாட இடமுண்டு. மாப்பிள்ளை வீட்டார் சுத்தமான உறுதி கேட்பதால் அதையும் எழுதமாட்டார்கள்.

ஆகவே கலியாணம் முடிந்துவிட்டது என்று ஒரு தகப்பன் சொன்னால், உறுதியைத் தேடிப்பார் என்று அர்த்தம். கோப்பு பாதி மூடினமாதிரி.

குருக்கள்மடத்துச் சீனித்தம்பி அண்ணனிடம் நான் இந்தக் கேள்வியோடு போனேன். கட்டாரில் மேசன் வேலை செய்து, வெயில் தின்ற உடம்போடு ஊர் திரும்பி, தன் கையாலேயே கல் வைத்துக் கட்டிய வீடு அது. மாரி மழை தொடங்குகிற நேரம் ஒரு சுழிக்காற்று முன்கூரையை முகட்டோடு தூக்கிக்கொண்டு போய்விட்டது. நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது அறைகளுக்கு மேலே தறப்பாளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மகள் தவமலர் கைக்குழந்தையோடு, ஒழுகாத ஒரு மூலையில் கட்டிலை இழுத்துப் போட்டு இருந்தாள்.

அளந்தேன், படம் எடுத்தேன். ஓடு எந்த வகை, கைமரம் என்ன மரம், எவ்வளவு தப்பியது என்று குறித்தேன். அவர் இளநி வெட்டிக்கொண்டு வந்தார். குடித்துக்கொண்டே குழந்தையைப் பார்த்து, "பேத்தியா அண்ணன்? மகள் எப்ப கலியாணம் முடிச்சவ?" என்று கேட்டேன்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கூரை போன துக்கத்திலும் மலர்ந்தது. "ரெண்டு வருசமாகுது சேர். ஒரே ஒரு பொம்புளப் புள்ள. இந்த வீட்ட அவட பேருக்கு எழுதிக் குடுத்துத்தான் கலியாணம் செஞ்சி வெச்ச. ஒரு குறையும் வெக்கல்ல. நானும் மனிசியும் இப்ப அந்தாப் பின்னால."

"சீவிய உரித்து வெச்சித்தா குடுத்தீங்க?"

"சேச்சே. குடுத்தாக் குடுத்ததுதான் சேர். அதுக்குள்ள எனக்கெண்டு ஒண்டு வெச்சா மாப்புள ஆக்கள் என்ன நினைப்பாங்க?"

அவர் தன் வாழ்க்கையின் பெரிய காரியத்தை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதை மறுப்புக் காரணமாகக் குறித்துக்கொண்டிருந்தேன். போகும்போது குடித்த இளநிக் கோம்பையை வெட்டி வழுக்கலையும் எடுத்துத் தந்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.

ஐசக் சேர் அவரை அழைப்பித்த அன்று நானும் அறையில் இருந்தேன். தேத்தண்ணித் தட்டு வந்தது. சீனித்தம்பி அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வாங்கில் இருந்த யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"தேத்தண்ணி வேணாம் சேர்," என்றார். "எனக்கு விளங்கித்து. காரணத்தச் சொல்லுங்க."

ஐசக் சேர் கடிதத்தை வாசித்தார். சீனித்தம்பி அண்ணன் கடைசிவரை கேட்டார். பிறகு ஐசக் சேரை விட்டு என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். "காசு எடுக்கக்குள்ள வீடு ஆருடையது எண்டு ஒரு நாளும் கேக்கல்லயே சேர். ஒவ்வொரு வருசமும் வந்துதானே கட்டின நான். உங்கட கிளையிலதானே காசுக்குத் துண்டு எழுதித் தந்த. அப்ப என்னத்துக்குக் கேக்கல்ல?"

ஐசக் சேர் என்னைப் பதில் சொல்ல விடவில்லை. மாற்றங்களை அறிவிப்பது காப்புறுதி செய்தவருடைய கடமை என்று பத்திரத்தில் எழுதியிருக்கிற வாசகத்தை அவரே மெதுவாக எடுத்துச் சொன்னார். சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. சீனித்தம்பி அண்ணன் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அந்த மாரி முழுவதும் அவர்கள் தறப்பாளுக்குக் கீழே இருந்ததாகக் கேள்விப்பட்டேன். மருமகன் குழந்தைக்குச் சளி பிடித்ததைச் சொல்லிச் சண்டை பிடித்து, தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டாராம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவன் பெண்வீட்டை விட்டுத் தாய் வீட்டுக்குத் திரும்புவது என்றால் ஊர் என்ன கதைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பிறகு திரும்பி வந்தார் என்றும் சொன்னார்கள். நான் விசாரித்துப் பார்க்கவில்லை. சுகம் விசாரிப்பதில் பேர் எடுத்தவன், அந்த ஒரு வீட்டில் மட்டும் விசாரிக்கவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் இதை ஒரு பழைய கோப்பு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்த வருடம் நடந்ததையும் எழுதவேண்டும்.

எனக்கும் ஒரே ஒரு மகள், நிரோசா. நான் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் அவளுக்குக் கலியாணம் நடந்தது. கல்லடியில் இருந்த எங்கள் வீட்டை அவள் பேருக்கு எழுதினோம். சுத்தமான உறுதிதான், சீவிய உரித்து வைக்கவில்லை. நானும் மனைவியும் பின்பக்கம் போட்ட சின்ன வீட்டுக்குப் போனோம். வீட்டுக் காப்புறுதி என் பேரில்தான் இருந்தது. கட்டுப்பணம் என் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழியும். வருடத்துக்கொரு தடவை, உங்கள் காப்புறுதி புதுப்பிக்கப்பட்டது, நன்றி என்று தொலைபேசிக்குச் செய்தி வரும். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு திருப்தி. எத்தனை பேருக்கு இந்த விதியை வாசித்துக் காட்டியவன் நான். என் வீட்டுக்கும் அது பொருந்தும் என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டும். உண்மையாகவே தோன்றவில்லை. வீடு இன்னும் என்னுடையதுதான் என்று மனதின் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

ஒரு நாள் பின்னேரம் அடித்த காற்றில் வளவுத் தென்னை ஒன்று முறிந்து முன்வீட்டின் மேல் விழுந்தது. ஆளுக்குச் சேதமில்லை. நடு அறைக்கு மேலே கைமரம் உடைந்து, ஓடு பாதி நொறுங்கிவிட்டது. மாரிக்கு அதிக நாள் இல்லை. நிரோசா அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். மருமகன் பிரதீபன் அயலாரிடம், "மாமா இரிக்கக்குள்ள எங்களுக்கென்ன கவலை? இன்சூரன்ஸ்ல அவர் சொன்னா ஆரும் மறுக்கமாட்டாங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை மடித்து வைத்திருந்த நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளைக்குப் போனேன். இப்போது நட்டஈட்டுப் பிரிவுக்குப் பொறுப்பாக இருப்பவள் சுகந்தினி. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து வந்த பிள்ளை, என் கைக்குக் கீழேதான் தொழில் பழகினாள். என்னைக் கண்டதும் எழும்பி வந்து கதிரை இழுத்துப் போட்டாள். படங்களைப் பார்த்தாள். கவலைப்பட்டாள்.

"மகள் சுகமா சேர்? இப்ப எங்க இரிக்கிறா?"

"எங்க போற? எங்கட வீட்டிலதான். அவக்கு எழுதிக் குடுத்தாச்சிதானே. நாங்க பின்னுக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

அவளும் கேட்டுவிட்டாள். கையில் இருந்த பேனாவை மேசையில் வைத்தாள். அவள் அந்தக் கேள்வியை அன்போடு கேட்டாளா, நான் பழக்கிய பழக்கத்தில் கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்கே தெரியுமோ என்னவோ. என் முகம் சுட்டது. வெளியே வாங்கில் இருந்த ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுகந்தினி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சேர், நீங்க இப்ப சொன்னது எனக்குக் கேக்கல்ல. கோப்பில உங்கட பேர்தான் இரிக்கு. இந்தத் தொகைக்கு உறுதி கேட்டு ஆரும் வரப்போறதில்ல."

என் சங்கடத்தைத் தீர்க்கத்தான் சொன்னாள். அந்த இடத்திலேயே வேண்டாம் புள்ள என்று நான் சொல்லியிருந்தால், இதை எழுத எனக்கு இவ்வளவு கூச்சம் இருக்காது. நான் சொல்லவில்லை. "நாளைக்கு வாறன்" என்று எழும்பிவிட்டேன். கல்லடிப் பாலத்தைக் கடந்து வீட்டுக்குப் போகும்வரை, நட்டஈட்டை எடுத்தால் என்ன, இவ்வளவு வருடம் கட்டியிருக்கிறேன்தானே என்றுதான் யோசித்தேன். நான் ஏன் கட்டினேன், அவர்கள் காசு எடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று எனக்குள் கோபம்கூட வந்தது. அப்போதுதான் அது யாருடைய கேள்வி என்று நினைவு வந்தது. மட்டக்களப்பில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம், என்னைத் தவிர.

'எனக்குக் கேக்கல்ல' என்று சீனித்தம்பி அண்ணனிடம் சொல்ல அன்று ஒருவரும் இருக்கவில்லை. காதில் விழுத்திக்கொள்ளத்தானே நான் போயிருந்தேன். சுகந்தினிக்கு அழைத்து, விண்ணப்பத்தைப் பதிய வேண்டாம் என்றேன். அவள் காரணம் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னதுதான் பெரிய பாடு. நிரோசா உடைந்த கூரையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள். பிரதீபன், "மாமாக்குத் தெரியாமலா?" என்று மட்டும் கேட்டார். குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே நம்பமுடியாமல் கேட்டார். மனைவி அன்றைக்கு எனக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்காமல் போய்விட்டாள்.

இதை வாசிக்கிற சனங்களுக்கு ஒன்று சொல்கிறேன். வீடோ வாகனமோ கைமாறினால், யார் பேரில் காப்புறுதி இருக்கிறது என்று பார்த்து, அன்றைக்கே போய்ச் சொல்லி மாற்றுங்கள். தானாகக் காசு கழிகிறது என்றால் தானாகப் பாதுகாப்பு இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கிளையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று: நீங்கள் கேட்டு வந்த வித்தை இதுதான், இதில் மறைக்க ஒன்றுமில்லை. மகள் கலியாணம் முடித்துவிட்டாளா என்று தாராளமாகக் கேளுங்கள். காசு வாங்குகிற நாளில் கேளுங்கள். கூரை போன பிறகு கேட்பது சுகம் விசாரிப்பதல்ல.

சில நாள் கழித்து நான் குருக்கள்மடத்துக்குப் பஸ் ஏறினேன். ஏன் போனேன் என்று ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன், என்ன பிழைக்கு என்று கேட்டால் சொல்ல வார்த்தை இல்லை. சீனித்தம்பி அண்ணன் நன்றாக நரைத்துப் போயிருந்தார். முன்வீட்டுக்குத் தகரம் போட்டிருந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. தெரிந்ததும் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு, "இரிங்க சேர்" என்றார்.

என் வீட்டுக் கதையைச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை, சுகந்தினி சொன்னதையும் நான் நாளைக்கு வாறன் என்றதையும் சொன்னேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார். நான் அன்றைக்கு எதிர்பார்த்த ஏச்சை இன்றைக்காவது தருவார் என்று காத்திருந்தேன்.

"ஓடு எவ்வளவு போன?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"எனக்கிட்டப் பழைய ஓடு கிடக்கு. காத்துக்குத் தப்பினது. பொறகு தகரம் போட்டதால தேவைப்படல்ல. சும்மா பாசி புடிச்சிப்போய்க் கிடக்கு, கழுவினாச் சரி. ஒரு லாண்ட்மாஸ்டர் மெசினப் பெட்டியோட கொண்டுவந்து ஏத்துங்க."

"வேணாம் அண்ணன்."

"மகள் புள்ளத்தாச்சி எண்டுதானே சொன்ன நீங்க? மழைக்குள்ள வெச்சிருக்கப் போறீங்களா?"

அதற்குமேல் மறுக்க எனக்குத் துணிவில்லை. விலை கேட்டேன். அவர் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை, கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டுபோய் ஓடு அடுக்கியிருந்த இடத்தைக் காட்டினார். உடையாதவற்றைத் தனியாக, உடைந்தவற்றைத் தனியாக அன்றைக்கே அடுக்கி வைத்திருந்தார். மேசனுடைய அடுக்கு, ஒன்றும் சரியவில்லை.

ஓடு வந்து இறங்கிய அன்று பிரதீபன் கூரைக்கு மேலே ஏறி நின்றார். நான் கீழே நின்று கழுவிக் கழுவிக் கொடுத்தேன். நிரோசா வாசலில் கதிரை போட்டு இருந்தாள். ஓடுகளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நல்ல ஓடு ஆரப்பா தந்த?" என்று கேட்டாள்.

"தெரிஞ்ச ஒராள்," என்றேன்.

"நல்ல மனிசன் போல."

"ஓம்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஓட்டை எடுத்து மேலே நீட்டினேன்.